நிறமும் விதியும்: விரிதாள் கட்டங்கள் குறித்து ஒரு வரலாற்று வாசிப்பு

1

எக்ஸெல் தாளில் கட்டத்துக்குச் சிவப்பு பூசுவது பற்றிச் சிறுபத்திரிகையில் என்ன கட்டுரை வேண்டிக்கிடக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், கணிப்பொறியை முறையாகக் கற்றவனல்லன். ஆனால் அப்படி ஒரு கட்டத்துக்கு என் கையாலேயே சிவப்பு பூசியிருக்கிறேன் என்பதால், இதை எழுதும் தகுதி கொஞ்சம் எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளனாக இருந்தேன். துறையில் கணிப்பொறியில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால், பருவத்தேர்வு முடிவுகளைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசிரியர் பெயர், பாடம், தேர்வெழுதியவர், தேறியவர், தேர்ச்சி விழுக்காடு என்று ஐந்து பத்திகள். முதல்வர் பார்த்துவிட்டு, 'இதுல யார் கொறச்சல்னு பட்டுனு கண்ணுக்குத் தெரியணும் சார். எழுபத்தஞ்சுக்குக் கீழ உள்ளவங்களச் செவப்பு பண்ணிருங்க' என்றார். ஏன் எழுபத்தைந்து என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற பெயரை அன்றுதான் முதலில் கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் இருந்த ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். 75க்குக் கீழ் என்றால் சிவப்பு. ஒரு வரி விதி. பொத்தானை அமுக்கியதும் நாற்பது பெயர்களில் ஒன்பது பெயர்கள் ஒரே நொடியில் சிவந்தன. வேலை சுலபமாக முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தாளை வண்ணத்தில் அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்கள் துறையில் மூத்தவரான ஒரு மேடம் எழுந்து நின்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: 'தம்பி, எனக்கும் எழுபத்தஞ்சு போட்டிருக்கு, அந்த சாருக்கும் எழுபத்தஞ்சு போட்டிருக்கு. எனக்கு மட்டும் ஏம்ப்பா செவப்பு?'

தாளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இரண்டு கட்டத்திலும் 75. ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை. 'கம்ப்யூட்டர் போட்டது மேடம்' என்றேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அவருக்குப் பணி நீட்டிப்பு தரப்படவில்லை.

2

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிதாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்பு இருக்கிறது: எண்ணோ, தேதியோ, சொல்லோ. அந்த மதிப்பு எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பது வேறு அடுக்கு. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு 'ஆனால்' விதியை நுழைக்கிறது. மதிப்பு இப்படியானால், தோற்றம் இப்படி. மதிப்பு மாறினால் நிறம் தானே மாறும். நிறம் பூசப்பட்டதால் மதிப்பு மாறுவதில்லை. 40 என்பது 40ஆகவே இருக்கிறது, சிவந்த 40ஆக.

கவனிக்க வேண்டியது, விதி எங்கே இருக்கிறது என்பதை. அது கட்டத்தில் இல்லை. கட்டத்தைச் சொடுக்கினால் மேலே மதிப்பு தெரியும், கணக்கீட்டுச் சூத்திரம் தெரியும், விதி தெரியாது. அதற்கென்று உள்ளே ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. தேடிப்போய்த் திறந்தால்தான் தெரியும். தாளை அச்செடுத்துவிட்டாலோ, படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாலோ, விதி முற்றாகக் காணாமற் போய்விடுகிறது. மிஞ்சுவது நிறம் மட்டும். அதாவது தீர்ப்பு மட்டும் ஊர் சுற்றுகிறது, சட்டப்பிரிவு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. எழுதியவரின் பெயரும் அந்த விதியில் இல்லை. 'செவப்புல இருக்கீங்க' என்று சொல்கிறோமே தவிர, 'இன்னார் உங்களைச் சிவப்பில் வைத்தார்' என்று எவரும் சொல்வதில்லை. தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினை எழுவாயைப் பின்னுக்குத் தள்ளும் என்று படித்திருக்கிறோம். இங்கே எழுவாயே துடைத்தெறியப்படுகிறது.

3

எண்ணுக்கு நிறம் பூசுவது கணிப்பொறியோடு பிறந்ததல்ல. ஐரோப்பிய வணிகப் பேரேடுகளில் நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. அதற்கும் முன்னால், இடைக்காலத் திருச்சபைக் கையெழுத்துப் பிரதிகளில், சடங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை வரிகளைச் சிவப்பில் எழுதினார்கள். சிவப்புக் காவிமண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அவற்றுக்கு ஒரு பெயர் வந்தது. இன்று நம் கல்லூரிகளில் மதிப்பெண் திட்டத்துக்கு 'ரூப்ரிக்' என்று சொல்கிறார்களே, அதே சொல்தான். ஆக, கட்டளையும் சிவப்பும் மதிப்பீடும் ஒரே வேர்ச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தற்செயல் என்று விட்டுவிடலாம். எனக்கு விட மனமில்லை.

அட்டவணைக் கட்டங்களுக்கே நிறம் தீட்டியதற்கு ஒரு தெளிவான முன்னுதாரணம் 1873இல் கிடைக்கிறது. துசேன் லுவா என்ற பிரெஞ்சுப் புள்ளியியலர் பாரிஸ் மக்கள்தொகை பற்றி ஒரு நிலப்பட நூல் வெளியிட்டார். அதில் நகரின் 20 வட்டாரங்களையும் அவற்றின் பண்புகளையும் வரிசை பத்திகளாக அடுக்கி, கட்டம் கட்டமாக நிறம் தீட்டிய ஓர் அட்டவணை உண்டு. இன்றைய எக்ஸெலில் 'கலர் ஸ்கேல்' போட்டுப் பார்ப்பவர் அதைப் பார்த்தால் தம் தாள் என்றே நினைப்பார். ஆண்டையும் ஊரையும் மறந்துவிடக்கூடாது: பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது 1871இல். கலகம் செய்த நகரம் இரண்டே ஆண்டுகளில் கட்டங்களாகக் கண்முன் விரிகிறது. லுவாவின் உள்நோக்கம் பற்றி நான் எதுவும் சொல்லவரவில்லை. நகரத்தை ஒரே பார்வையில் படித்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் காலத்து அரசுகளின் பொதுக் குணம், அவ்வளவுதான்.

லண்டனில் சார்லஸ் பூத் 1886இல் தொடங்கிய ஆய்வு இன்னும் விரிவானது. கப்பல் தொழில் முதலாளி. வறுமையை அளக்கப் புறப்பட்டார். பள்ளி வாரியத்தின் வீட்டு விசாரணையாளர்களிடம் தெருத்தெருவாகத் தகவல் திரட்டி, 1889இல் தொடங்கி வெளியிட்ட வரைபடங்களில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம். ஏழு நிறங்கள். மிகக் கீழே கறுப்பு. 'கெட்ட நடத்தை, பாதிக் குற்றவாளிகள்' என்ற பொருள்பட அதற்கு விளக்கம். அதற்கு மேலே கருநீலம், வெளிர்நீலம் என்று போய், உச்சியில் மஞ்சள். வெளிர்நீலத் தெரு எது என்பதற்கு ஒரு வரம்பு வைத்தார்: நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருமானம். லண்டன்வாசிகளில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. வறுமை என்பது சோம்பேறிகளின் சொந்த வினை என்று பேசிக்கொண்டிருந்த கனவான்களை அது வாயடைக்க வைத்தது உண்மை. ஆனால் அதே வரைபடம், ஒரு தெருவின் பசியையும் 'நடத்தை'யையும் ஒரே கறுப்பில் குழைத்துவிட்டது. வருமானத்தை அளக்கும் வரம்பு இருக்கிறது. 'கெட்ட நடத்தை'யை அளக்க என்ன வரம்பு? நிறம் பூசப்பட்டபின் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. பூத்தின் வரைபடத்தில் சிவப்பு எதைக் குறித்தது தெரியுமா? வசதியான நடுத்தர வர்க்கத்தை. சிவப்பு என்றால் ஆபத்து என்பது இயற்கை விதி என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

சிவப்பை ஆபத்தாக்கியதில் ரயில்வேயின் பங்கு பெரிது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் ரயில் சமிக்ஞைகளில் சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளைதான் 'போகலாம்'. சாதாரண விளக்கு வெளிச்சத்தையும் வெள்ளைச் சமிக்ஞையையும் பிரித்தறிய முடியாமற் போனதால் பிற்பாடு வெள்ளையை விலக்கிப் பச்சையை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். 1868இல் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே வாயுவிளக்கில் எரியும் முதல் சாலைச் சமிக்ஞையை வைத்தார்கள்; சில வாரங்களில், 1869 ஜனவரியில், அது வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம். 1920இல் டெட்ராய்ட் நகரில் வில்லியம் பாட்ஸ் என்ற போலீஸ்காரர் நடுவில் மஞ்சளைச் சேர்த்தார். நாம் இன்று 'இயல்பானது' என்று எண்ணும் சிவப்பு-மஞ்சள்-பச்சை முக்கூட்டு, ஆக, நூறு வருஷத்துச் சமாச்சாரம். சீனப் பங்குச்சந்தைத் திரைகளில் இன்றைக்கும் ஏற்றம் சிவப்பு, இறக்கம் பச்சை. நமக்கோ சிவப்பு குங்குமம். இந்த இதழைப் படிக்கும் தோழர்களில் பலருக்குக் கொடி.

இந்த முக்கூட்டு மனிதர்கள்மீது ஏறி உட்கார்ந்த கதைக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். பெருமந்தத்தின்போது, 1933இல், வீட்டுக்கடனில் மூழ்கியவர்களைக் காக்கவென்று ஒரு கூட்டாட்சி நிறுவனத்தை அரசு அமைத்தது. அது 1930களின் பிற்பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு 'பாதுகாப்பு வரைபடங்கள்' தயாரித்தது. பச்சை: மிகச் சிறந்தது. நீலம்: இன்னும் விரும்பத்தக்கது. மஞ்சள்: நிச்சயமாகச் சரிந்துகொண்டிருப்பது. சிவப்பு: அபாயகரமானது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்தில் கறுப்பர்கள் எத்தனை விழுக்காடு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை, யாருடைய 'ஊடுருவல்' நடக்கிறது என்றெல்லாம் கட்டங்கள். கட்டடம் எவ்வளவு பழையது என்பதோடு குடியிருப்பவரின் தோல்நிறமும் சேர்ந்து வரைபடத்தின் நிறமாயிற்று. கறுப்பர் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுக்கும் வழக்கத்துக்கே 'சிவப்புக் கோடிடல்' என்ற பெயர் நிலைத்தது. அந்த வரைபடங்களே கடன் மறுப்புக்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே இருந்த பாரபட்சத்தின் பதிவா என்று வரலாற்றாசிரியர்களுக்கிடையே வாதம் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும், 1968இல் வீட்டுரிமைச் சட்டம் வந்து அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் படிவம். அது ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. வரைபடத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இந்த நிறம் என்று படிவத்தைப் புரட்டிப் பார்க்க முடிகிறது. இனவெறி தன் விதியைத் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறது. பூத்தின் ஷில்லிங் கணக்கும் அப்படித்தான். அவர்களை எதிர்த்து வாதாட நமக்கு ஒரு பிரதி இருக்கிறது. எக்ஸெல் காலத்தில் இழந்தது இந்தப் பிரதியைத்தான் என்பது என் வாதம்.

4

1978இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் அட்டவணை போட்ட பேராசிரியர் ஓர் எண் தவறியதும் வரிசையாக அழித்தழித்து எழுதுவதைப் பார்த்து, தானே திருத்திக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3. 1985இல் மெக்கின்டாஷில், 1987இல் விண்டோஸில் எக்ஸெல். இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை. 'ஸ்ப்ரெட் ஷீட்' என்பது முதலில் பேரேட்டின் இரண்டு பக்கங்களிலும் விரிந்து கிடக்கும் காகிதத்தின் பெயர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் எக்ஸெலில் எண் வடிவத்துக்குள்ளேயே சதுர அடைப்பில் நிறத்தின் பெயரைப் போட்டு, கழித்தல் எண்களைச் சிவக்கச் செய்யும் வசதி இருந்தது. பேரேட்டுச் சிவப்பு மையின் நேர் வாரிசு. 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற பெயரில் தனி வசதி வந்தது. மூன்று நிபந்தனைகள் வரைதான் அனுமதி. உலகத்தை மூன்றாகத்தான் வகுக்கலாம், மிஞ்சியது வெறும் வெள்ளை. இதில் ஒரு நேர்மைகூட இருந்தது என்பேன்: 75க்குக் கீழ் என்று எழுதினால் ஓர் ஆள் 75 என்று தட்டச்சு செய்தாக வேண்டும். வரம்பை ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பில் இது மாறியது. மூன்று என்ற எல்லை எடுக்கப்பட்டது. கட்டத்துக்குள் நீளும் பட்டைகள், மூன்று நிறச் சாயல்கள், போக்குவரத்து விளக்குச் சின்னங்கள் வந்தன. மெனுவிலேயே 'மேல் 10 விழுக்காடு', 'கீழ் 10 விழுக்காடு', 'சராசரிக்கு மேல்', 'சராசரிக்குக் கீழ்' என்று தயாராக இருந்தன. இனி வரம்பைச் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்து அமுக்கினால் போதும். நான் இதை ஒரு உடைப்பு என்று கருதுகிறேன். 1997இன் விதி ஒருவரை ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டது. 2007இன் விதி ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுகிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மூன்று விளக்குச் சின்னங்களில், நாம் எதையும் மாற்றாவிட்டால், எல்லைகள் 33, 67 விழுக்காடு. தேர்ச்சி விழுக்காட்டில் 33 என்று நினைத்துவிடாதீர்கள். தாளிலுள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தில் 33. ஒரு கல்லூரியில் ஆசிரியர்களின் தேர்ச்சி விழுக்காடுகள் 90இலிருந்து 99 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 92 வாங்கியவருக்குச் சிவப்பு விளக்கு எரியும். இன்னொரு கல்லூரியில் 20இலிருந்து 29 வரை. அங்கே 27க்குப் பச்சை விளக்கு. 'கீழ் 10 விழுக்காடு' விதியோ இன்னும் வெளிப்படையானது. அது போட்டுவிட்டால் தாளில் யாராவது ஒருவர் எப்போதும் சிவந்தே தீர வேண்டும். எல்லோரும் நன்றாகச் செய்யும் சாத்தியத்தையே அந்த விதி அறியாது.

இந்தக் கருத்தியலுக்கு ஓர் ஊரும் பெயரும் உண்டு. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை 20-70-10 என்று ஆண்டுதோறும் மூன்றாகப் பிரிக்கும் முறையைப் பரப்பினார். அடியிலுள்ள 10 பேர் வெளியே. எக்ஸெலைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டே தன் ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தி, 2013இல்தான் அம்முறையைக் கைவிட்டது. மென்பொருள் எழுதியவர்கள் வெல்ச்சைப் படித்துவிட்டு மெனு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். அட்டவணை என்பது அறிவின் முறை மட்டுமன்று, அதிகாரத்தின் தொழில்நுட்பமும்கூட என்று ஃபூக்கோ 1975இல் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் விவாதித்ததை இங்கே 90களிலேயே நிறையப் பேசினோம், கொஞ்சம் அதிகமாகவே பேசினோம். பேசியவர்கள் பலரும் கல்லூரி ஆசிரியர்கள். ஆனால் தங்கள் மேசையிலேயே வந்திறங்கிய அட்டவணையைக் கட்டுடைத்துப் பார்த்தவர்களைக் காணோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேடத்தின் கேள்விக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த இரவு தாளைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். அவருடைய வகுப்பில் 63 பேர் எழுதியிருந்தார்கள், 47 பேர் தேறியிருந்தார்கள். 74.603. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தசமப் புள்ளிகளை மறைத்தவன் நான்தான். எனவே கட்டத்தின் தோற்றம் 75. உள்ளே இருந்த மதிப்பு 74.603. விதி தோற்றத்தைப் படிப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அந்த சாரின் வகுப்பில் 64க்கு 48, சரியாக 75. அச்சிட்ட தாளில் இரண்டும் ஒன்று. ஒரே கட்டத்தில் எண் ஒன்று சொல்கிறது, நிறம் வேறொன்று சொல்கிறது. கூட்டத்தில் இருந்த நாற்பது படித்தவர்களும் நம்பியது நிறத்தை.

மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். 'அப்ப ஒரே ஒரு புள்ள கூட பாஸ் பண்ணியிருந்தா போதும், இல்லையா தம்பி?' என்றார். பிறகு ஒரு பையன் பெயரைச் சொன்னார். செகண்ட் ஷிப்ட் மாணவன். இரவு பரோட்டாக் கடையில் வேலை பார்த்துவிட்டு, தேர்வன்று தூங்கிப்போனவன். மாலை வகுப்புகளில் பாதிப்பேர் அப்படித்தான், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அந்த விவரத்துக்கு நான் போட்ட ஐந்து பத்திகளில் இடமில்லை. முதல்வரிடம் போய்த் தசமப் புள்ளியை விளக்கியிருக்கலாம். 'எப்படியிருந்தாலும் 75க்குக் கீழதானே சார்' என்று சொல்லியிருப்பார், அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் நான் போகவில்லை. என் பணி நீட்டிப்பும் அதே மாதம்தான் பரிசீலனையில் இருந்தது.

5

2020இல் நாடே ஒரு தாளாயிற்று. ஏப்ரல் 30ஆம் தேதியிட்ட மத்திய சுகாதாரத்துறைக் கடிதம் 733 மாவட்டங்களை மூன்று நிறமாக்கியது: சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. தமிழ்நாட்டில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, பச்சையாகக் கிருஷ்ணகிரி ஒன்றே ஒன்று. அடுத்த நாள் வந்த உள்துறை ஆணையின்படி சிவப்பு மண்டலத்தில் ஆட்டோ, டாக்சி, பேருந்து கிடையாது, முடிதிருத்தும் கடை கிடையாது. மென்பொருள் எதுவானாலும் இலக்கணம் நாம் மேலே பார்த்ததுதான். கட்டத்துக்குள் இப்போது எண்ணுக்குப் பதில் ஆட்டோ ஓட்டுநரும் நாவிதரும்.

பெருந்தொற்றுக் காலத்தில் வகைப்பாடே கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் மூடனல்லன். இங்கே விதி ஓரளவு வெளியே சொல்லப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 21 நாள் புதிய தொற்று இல்லையென்றால் பச்சை; நோயாளிகளின் எண்ணிக்கை, அது இரட்டிப்பாகும் வேகம், பரிசோதனையின் அளவு ஆகியவையும் கணக்கில். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மாநில அரசு தன் மாவட்டத்தைக் கூடுதலாகச் சிவப்பாக்கலாம். மத்திய அரசு சிவப்பென்று சொன்னதைக் குறைக்க முடியாது. விதியை எழுதும் உரிமையில் ஏற்ற இறக்கம் எப்படிப் பகிரப்பட்டிருக்கிறது என்பதே கூட்டாட்சி பற்றிய ஒரு பாடம். இரண்டாவது, வெற்றுக் கட்டம். பரிசோதனையே நடக்காத இடத்திலும் தொற்று பூஜ்யம்தான். இல்லாமைக்கும் தெரியாமைக்கும் ஒரே நிறம் விழும் அபாயம் எந்த அட்டவணையிலும் உண்டு. பரிசோதனை அளவையும் பின்னர் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

நிதி ஆயோக் 2018 முதல் வெளியிட்ட வளர்ச்சிக் குறியீட்டிலும் மாநிலங்களுக்கு நிறம் உண்டு. 64 என்றால் மஞ்சள், 65 என்றால் பச்சை. அந்த முதல் ஆண்டில் தமிழ்நாடு 66. இங்கே அதைக் கொண்டாடினோம். இரண்டு புள்ளி குறைந்திருந்தால் அளவுகோலைத் திட்டியிருப்போம்.

6

இதையெல்லாம் எழுதுவதால் நான் எக்ஸெலைத் தொடுவதில்லை என்று எண்ண வேண்டாம். 2019இல் கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்யும் ஒரு நண்பர், நூறு நாள் வேலையில் கூலி பாக்கி விவரங்களை ஒழுங்குபடுத்தித் தரச் சொன்னார். அப்போது நடைமுறையிலிருந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளுக்குள் கூலி வந்தாக வேண்டும். தாமதமானால் பதினாறாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. ஒரு பத்தியில் மஸ்டர் ரோல் முடிந்த தேதி, அடுத்த பத்தியில் கூலி வந்த தேதி. இரண்டையும் கழித்து 15ஐத் தாண்டினால் சிவப்பு. இந்தத் தடவை சிவப்பது தொழிலாளியல்ல, அலுவலகம்.

முதலில் போட்ட விதியில் ஒரு கோளாறு. 20 நாள், 30 நாள் தாமதமாகக் கூலி வாங்கியவர்கள் சிவந்தார்கள். கூலியே வராதவர்கள் வெள்ளையாக நின்றார்கள். காரணம் எளிது: வந்த தேதி காலி, காலியை எக்ஸெல் பூஜ்யம் என்று எடுத்துக் கழித்தால் கழித்தல் எண்தான் வரும், அது 15ஐத் தாண்டாது. அதிகம் ஏமாற்றப்பட்டவர்களுக்குத்தான் நிறமே இல்லை. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, நண்பரோடு வந்திருந்த ஒரு அம்மா. எழுத்துக்கூட்டிப் படிப்பவர். 'எனக்கு இன்னும் காசே வரலியே கண்ணு, என் பேரு மட்டும் ஏன் வெள்ளையா கெடக்கு?' என்றார். காலியாக இருந்தால் இன்றைய தேதியை எடுத்துக்கொள் என்று விதியை மாற்றினேன். தாள் முக்கால்வாசி சிவந்தது.

அச்செடுக்கும் முன் தாளின் தலைப்பில் விதியை முழுதாக எழுதினோம்: எந்தச் சட்டம், எத்தனை நாள், காலிக் கட்டத்தை எப்படிக் கொண்டோம், தாளைத் தயாரித்தது யார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் நிறத்தைப் பார்க்கவில்லை. முதல் வரியைத்தான் படித்தார். 'இந்தப் பதினஞ்சு யார் போட்டது?' என்று கேட்டார். நண்பர் சட்டத்தின் நகலை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் அரை மணி நேரம் நின்றபடியே வாதாடினார்கள்.

புறப்படும்போது மூன்று பெண்கள் வந்து தங்கள் பெயர் தாளில் இல்லை என்றார்கள். விசாரித்ததில், வேலை செய்த வாரத்து மஸ்டர் ரோலிலேயே அவர்கள் பெயர் ஏறியிருக்கவில்லை. தேதி இல்லை, வரிசை இல்லை, எனவே விதி எழுதவும் கட்டம் இல்லை. அச்சிட்ட அட்டவணைக்குக் கீழே அந்த மூன்று பெயர்களையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, பக்கத்தில் அவர்கள் வேலை செய்த ஏரியின் பெயரையும் குறித்து, மறுபடி உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.